கீழ்வீட்டு டிவியில் என் பிள்ளை

அன்புள்ள தாணு அண்ணனுக்கு,

தங்கச்சி கௌசல்யா எழுதுவது. இந்த அகால நேரத்தில் மெயில் அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். இங்கே எல்லாரும் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகமாகத் தூங்கட்டும். நீ மட்டும் இன்றைக்குத் தூங்க வேண்டாம்.

உங்கள் கம்பெனியில் செய்ததென்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, தொட்டில் பக்கத்தில் கேமராவை மாட்டி, அடுக்களையில் நின்றே செல்போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாயே, மறுநாளிலிருந்து கீழ்வீட்டு ஓனரம்மா ஸ்ரீலட்சுமி சேச்சி எனக்குப் போன் பண்ண ஆரம்பித்தார்கள். மோளே, குஞ்சு புதப்பை உதைச்சுத் தள்ளிட்டான் கேட்டோ என்பார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை போர்வையைத் தள்ளித்தான் இருப்பான். தெய்வ வாக்குள்ள மனுஷி என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிடாத குறை. நேற்று பிள்ளையின் அழுகையை நிறுத்த, ஓனர் பத்மகுமார் சார் தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ண வருகிற நடையை என் வீட்டுக்காரர் இருமலோடு நடந்து காட்டினார். கொஞ்ச நேரத்தில் சார் மேலே வந்து, "விஜய்குமாரே, நடை கொள்ளாம். இருமல் போதாது" என்று பாராட்டுகிறார். வைஃபை அவர்களுடையதுதானே, அதில் இருக்கிற எல்லாருக்கும் உன் பெட்டி என் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் டிவியில் சீரியலுக்குப் பக்கத்தில் 'குழந்தை அறை' என்று வந்ததாம். நான்தான் பாசத்தில் ஏற்பாடு பண்ணினேன் என்று சேச்சி நினைத்திருக்கிறார்கள், பாவம்.

உன்னைக் கூப்பிட்டால் சிரிக்கிறாய். "ஏட்டி, டிஃபால்ட்டே அப்படித்தான். வேண்டாம்னா நீதான் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணணும்." வெளியூரிலிருந்து நுழையக்கூட வழி திறந்துதான் இருக்கும் என்று கூசாமல் சொல்கிறாய். சேச்சி நல்லவர்கள், போன் பண்ணினார்கள். முன்பின் தெரியாத எவனோ பார்த்தால் போன் பண்ணிச் சொல்லுவானா? நான் கேட்டது ஒரு கேமரா. ஊருக்குக் காட்டச் சொன்னேனா? பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று வைக்கவா அப்பா உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்? சாலையில் பூட்டு விற்கிறவன்கூடப் பூட்டிக் காட்டி, சாவியைக் கையில் தந்துதான் அனுப்புகிறான். முதலில் எல்லாம் அடைந்து கிடக்கட்டும்; எது வேண்டுமோ அதைப் பெற்றவள் திறந்துகொள்வாள். இந்தப் பெட்டி இன்னும் நாலு வீட்டுத் தொட்டிலுக்குப் போவதற்குள் மாற்று. இல்லையென்றால் மதினியிடம் சொல்லிவிடுவேன்.

மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஒன்றும் கிடையாது.

கௌசல்யா

பி.கு.: சாயங்காலமே எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிவிட்டு, ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாத நீளத்துக்குப் புது பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். மறந்துவிடுவேனோ என்று அதைச் சேச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணா, போன் வராமல் அடுக்களையில் எனக்குக் கை ஓடவில்லை. கீழ்வீட்டு டிவிக்கு மட்டும் திறந்துவிடுவது எப்படி? சீக்கிரம் பதில் போடு.