அத்தான் நாற்காலி பத்திரம்

மெல்பர்ன்,
செவ்வாய்க்கிழமை.

என் அருமை மேவிஸ் அக்காவுக்குத் தம்பி டெஸ்மண்ட் அன்போடு எழுதுவது. நானும் ஷெரிலும் சுகம். என் முட்டியும் ஏதோ சுகம். உன் இடுப்பு எப்படி?

சனிக்கிழமை எங்கள் கராஜில் இருக்கும் அத்தானின் சாய்வு நாற்காலியை உன் புது வீட்டுக்கு எடுத்துப்போக வருகிறாய். ரெக்ஸ் அத்தான் கண்ணை மூடியது அதில்தான், எது போனாலும் அது போகக் கூடாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆகவே பதறாமல் படி.

கராஜைக் காலி பண்ணாவிட்டால் என்னையும் சேர்த்துக் காலி பண்ணுவேன் என்று ஷெரில் சொல்லிவிட்டாள். நல்ல சாமான்களை, தானமாக வரும் பழைய பொருள்களை விற்கும் தர்மக் கடைக்குக் கொண்டுபோனேன். என் ரொட்டி மெஷினைப் பார்த்த கடை அம்மாள், "இது ஒரு அலமாரி நெறைய கெடக்குய்யா, நீங்க வேணா இன்னொண்ணு எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். எடுத்துக்கொண்டு வந்தேன். மிச்சத்தை வாசல் புல்லில் அடுக்கினேன். பழைய சாமான் அள்ளக் கவுன்சில் லாரி வரும் வாரம் புல்லில் வைத்தது ஊர்ச் சொத்து, உனக்குத் தெரியாததா? யார் எதை எடுக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க அத்தான் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக் காலை நீட்டினேன். சொர்க்கம் அக்கா! ஒருத்தன் ஷெரிலின் உடற்பயிற்சி சைக்கிளை ஓட்டியே கொண்டுபோகப் பார்த்தான். டீ ஊற்ற உள்ளே போனேன், திரும்பி வந்தா நாற்காலியைக் காணோம்! செருப்புகூடப் போடாம தெருத்தெருவா ஓடினேன்கா. மூணாவது தெருவில, வராந்தாவில, அதே பழுப்பு நாற்காலி! அதுல டோங்கா நாட்டு அம்மா ஒருத்தி, பேரு அனாசீனி, உக்காந்து கிழங்கு சீவிக்கிட்டிருக்கா.

"அது எங்க அத்தானோடதுங்க!"

"எந்த அத்தான்?"

"செத்துப்போன அத்தான்!" என்றேன். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். அத்தான் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள். "அழாதப்பா. எடுத்துட்டுப் போ." அவள் மகன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். கூடவே சுட்ட பன்றிக்கறிப் பொட்டலம் வேறு. தெருவில் கிடைத்ததைத் திருப்பித் தர இந்தக் காலத்தில் யாருக்கு மனசு வரும்?

உன் இடுப்பு குணமாகவும் புது வீடு உனக்கு நல்லபடியாக அமையவும் வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி டெஸ்.

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது ஷெரில் வந்து, "தூறல் போட்டுதேன்னு அத்தான் நாற்காலிய நான்தான் துணி துவைக்கிற ரூமுக்குள்ள இழுத்துப் போட்டேன். இது யாரு வீட்டு நாற்காலி?" என்கிறாள். தலைதெறிக்க ஓடிப்போய்ச் சொன்னேன். அனாசீனி வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். "தெரியுமே, அது என் வீட்டுக்காரர் வாங்கித் தந்ததாச்சே" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். "பின்ன ஏம்மா குடுத்தீங்க?" "நீ அழுதியே!" கொடுத்ததைத் திரும்ப வாங்கவே மாட்டேன் என்கிறாள். சனிக்கிழமை நீ வந்து சொல்லிப் பார் அக்கா. ஆனால் அவள் எதிரில் மட்டும் அழுதுவிடாதே, மேஜையும் வந்துவிடும்.