பொட்டு வைத்த பொட்டலம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. ஒரு வார்த்தை கேட்டால் தீரும் சந்தேகத்தைக் கேட்காமலேயே காரியத்தை முடித்துவிடுவார்கள். நான் அந்த ரகம்.

தடய ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்த புதிது. என் பத்தாம் வகுப்புப் படிப்புக்குக் கண்ணாடிக் குடுவை கழுவுவதும் மேசை துடைப்பதும்தான் வேலை. (வீட்டிலும் அதேதான்; இங்கே சம்பளம் உண்டு.)

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆபீசில் படையல். மைக்ராஸ்கோப், தராசு, கேமரா எல்லாவற்றையும் நீள மேசையில் அடுக்கியிருந்தார்கள்.

"கலா, மேசையில இருக்கிற எல்லாத்துக்கும் பொட்டு வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு விஞ்ஞானி மேடம் போய்விட்டார்.

ஜன்னலுக்கு வெளியே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. எது புகை, எது மேகம் என்றே தெரியவில்லை. கை சந்தனத்தில், மனசு மலை மேல். அப்படியே மிதந்துகொண்டு வந்தபோது, மேசையின் கடைசியில் வெள்ளைத் துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்த நீளமான பொட்டலம் ஒன்று. இதுவும் நம்முடையதா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. வட்ட வட்டமான அந்த முத்திரைகள், பொட்டுக்காகவே காத்திருக்கும் நெற்றிகள் மாதிரி இருந்தன. ஒன்று விடாமல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியும் செருகினேன்.

அதற்குள் இருந்தது கீழ்பென்னாத்தூர் வெட்டுக் கேஸ் அரிவாள். கொண்டுவந்த ஏட்டு, வாங்கிப் பதிய ஆள் இல்லாததால் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் கும்பிடக் கையெடுத்து, பாதியில் இறக்கினார்.

"யம்மா, இது கேஸ் சாமான்மா."

முத்திரையில் கீறல் இருந்தாலே பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். திருப்பினால் அவர் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். நான் வீட்டோடு நிற்க வேண்டும்.

மேடம் வந்து பார்த்தார். "எல்லாம்னா எல்லாமேவா கலா?" என்றார்.

ஃபேனுக்கு அடியில் சந்தனம் காயும்வரை மூன்று பேரும் காத்து நின்றோம். மேகம் மலையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அதோடு நானும் போய்விடலாம் போலிருந்தது. பிறகு மேடம் மெல்லிய பிரஷ்ஷால் தட்ட, சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் முத்திரை துளிகூடச் சிதையாமல் இருந்தது. ஏட்டு கொண்டுவந்த கடிதத்திலிருந்த மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஏட்டு மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

துணியில் சிவப்பு மட்டும் போகவில்லை. எங்கள் ஆய்வகத்தில் சோதனை செய்யாமலே முடிவு சொன்ன ஒரே சிவப்புக் கறை அதுதான்.

வேலை தப்பியது. வீட்டில் நான் தப்பவில்லை. ஒவ்வொரு பூஜைக்கும் அரிவாள்மனையைக் காட்டி, "அதுல காய் நறுக்காத பாப்பா, கோர்ட்டுக்குப் போவணும்" என்று மகளிடம் சொல்வார் வீட்டுக்காரர்.

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். போன வருஷம் புது மருமகனின் பைக் பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு போய், "வைக்கலாமா மாப்ள?" என்றேன்.

"கேஸ் எதுவும் இல்ல அத்தை, தைரியமா வைங்க" என்றார்.

அவருக்கு யார் சொன்னது என்று கேட்கத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.