பூர்வீகம் சாரும் ஒரு துண்டு பர்பியும்

கொல்கத்தாவில் சாப்பாட்டை ரசிக்காத ஆளே கிடையாது. அதைக் குறுக்கு விசாரணை செய்த ஒரே ஆள் எங்கள் பூர்வீகம் சார்தான்.

டாலிகஞ்சில் எங்களுடையது சின்ன கம்ப்யூட்டர் அலுவலகம். எந்தப் பண்டத்தில் என்னென்ன இருக்கிறது, அவை எந்த ஆலையிலிருந்து வந்தன, யாருக்கு ஒவ்வாது என்பதையெல்லாம் கணினிக்குப் புரியும்படி உறவுமுறை போட்டு வைப்பது வேலை. ஆன்டாலஜி என்பார்கள். சார் வங்கி வேலையை உதறிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் இதற்கு வந்து சேர்ந்தவர்.

யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் பக்கத்தில் வந்து நிற்பார். "இந்தச் சட்னிக்குப் பூர்வீகம் என்னம்மா?" பதில் கிடைப்பதற்குள் இட்லி ஆறிவிடும்.

ஒருமுறை காளிகாட்டில் ஒரு தமிழ் மளிகைக்கடைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"பெருங்காயத்துல என்ன கலந்திருக்கு?"

"பெருங்காயந்தான் சார்," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"மைதா இருக்குமே?"

"ரசம் வைக்கவா வாங்குதீய, சம்பந்தம் பேசவா?"

டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் மைதா இருந்தது. அன்றே பெருங்காயத்தைக் கோதுமைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டுத்தான் சார் வீட்டுக்குப் போனார். மறுநாள் நான் அவரைப்போல நடித்துக் காட்ட, அலுவலகமே சிரித்தது.

துர்கா பூஜை விடுமுறைக்கு முன்தினம் எல்லோருக்கும் முந்திரி பர்பி கொடுத்தேன். சார் கையில் வாங்கினார். விசாரிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் சம்சாரத்துக்கு வேர்க்கடலை ஆகாதும்மா. முந்திரி பர்பின்னுதான் கடைல கொடுத்தாங்க. நான் ஒரு வாய் கடிச்சுப் பார்த்துட்டு, முந்திரிதான், சாப்பிடுன்னேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

பர்பியைக் கடிக்காமல் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு யாரும் அவரைப்போல நடிக்கவில்லை.

அவர் சம்சாரம் சாப்பிட்ட அந்த பர்பிக்கு முந்திரி அரைத்த ஆலையை அவரே தேடிப்போய் விசாரித்திருந்தார். அதே இயந்திரத்தில் வேர்க்கடலையும் அரைத்தார்களாம். எங்கள் வேலை முடிந்து சோதித்துப் பார்த்த நாளில், முதலில் அந்த பர்பியைத்தான் கணினியில் தட்டினார். வேர்க்கடலை என்று திரையில் சிவப்பாக வந்தது.

"கண்டுபிடிச்சிடுச்சு சார்."

"ரெண்டே செகண்டும்மா," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் வீடு வடக்கே. என் வீடு தெற்கே. அன்று மாலை வடக்கே போகிற மெட்ரோவில் நானும் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.