ஏழாவது விதியும் அம்மாவின் பெயரும்

"விருதெல்லாம் எதற்கு" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானே நாலு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு, யாராவது "அப்படிச் சொல்லாதீங்க சார்" என்பார்களா என்று அரை நிமிடம் காத்திருப்பேன். (ஒருத்தரும் சொன்னதில்லை.)

திருச்சியில் எங்கள் நிதி ஆலோசகர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சேமிப்பு, காப்பீடு, ஓய்வுக்காலம் என்று ஊராருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். அந்தத் தொழிலுக்குச் சிறப்பாகப் பங்களித்தவர் என்று வருடத்துக்கு ஒருவருக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம், கன்டோன்மென்ட் ஓட்டலில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. நான் சங்கத்தின் செயலாளர். விருதுக்கான விதிகளை எழுதியவனும் நானே. ஆயுள் முழுக்கப் படிவங்களோடு வாழ்ந்தவன். விதியில்லாத வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் கை அரிக்கும்.

அந்த வருடம் (எனக்கு வயது அறுபத்தொன்று; புத்தி இருபத்தொன்றிலேயே நின்றிருந்தது) பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று என்னுடையது. மற்றது கைலாசபுரம் ராமலிங்கம். நல்ல மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். ஆனால் அவர் மனைவிக்கு வீட்டுக் காகிதம் எதுவும் தெரியாது. "அதெல்லாம் அவர் பாத்துப்பாருங்க" என்று ஒரு கல்யாணப் பந்தியில் அந்த அம்மாளே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உடனே ஏழாவது விதி பிறந்தது. விருதுக்குரியவரின் சொந்த வீட்டுக் காகிதங்கள் ஒழுங்காக உள்ளனவா என்று ஓர் உறுப்பினர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்; அவை எங்கே இருக்கின்றன என்று மனைவியிடமோ கணவரிடமோ கேட்க வேண்டும். கூடவே எட்டாவது விதி: தேறாதவர் ஏன் தேறவில்லை என்பதை, பிறருக்குப் பாடமாக, செயலாளர் மேடையில் வாசிக்க வேண்டும். ராமலிங்கத்தைப் பற்றி வாசிக்கும்போது குரலில் எவ்வளவு வருத்தம் சேர்ப்பது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். (போட்டியில் இருப்பவனே விதி எழுதலாமா என்று கேட்காதீர்கள். கூடாது என்று விதி கிடையாது. நான் எழுதவில்லை.)

ஒரு வாரம் என் மனைவி ஜெயந்திக்குப் பயிற்சி நடந்தது.

"வங்கிப் பத்திரம்?"

"பச்சை ஃபைலு. பீரோ. ரெண்டாவது தட்டு."

"காப்பீடு?"

"சிவப்பு. என்னங்க, ரசம் பொங்குது."

"பொங்கட்டும். லாக்கர் சாவி?"

"பெருங்காய டப்பாவுக்குப் பின்னாடி. ஆமா, வர்றவங்ககிட்ட இதைச் சொல்லணுமா, சொல்லக் கூடாதா?"

நல்ல கேள்வி. விதியில் அதற்கு இடமில்லை.

சனிக்கிழமை காலை, பாலக்கரையிலிருந்து ஷகிலா மேடம் வந்தார். சங்கம் அனுப்பிய உறுப்பினர் அவர். ஸ்ரீரங்கத்தில் ஏதோ உற்சவம். ராஜகோபுரத்தருகே போலீஸ் ஆட்டோவை நிறுத்திவிட, அங்கிருந்து எங்கள் வீடு வரை நடந்தே வந்திருந்தார். ஜெயந்தி காபி கொடுத்தாள், கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னாள். பச்சை, சிவப்பு, தட்டு, சாவி எதிலும் பிசகில்லை. நான் நாற்காலியில் சால்வை போர்த்தியவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

எழுந்த ஷகிலா மேடம் தயங்கினார். "ஒரே ஒரு பாலிசி மட்டும் பிரிச்சுப் பாத்துடறேன் சார். படிவத்துல ஒரு கட்டம் இருக்கு."

அந்தக் கட்டத்தைப் போட்டவனும் நானே. பெருமையோடு என் முதல் பாலிசியையே எடுத்துக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தது. ஒரு பக்கத்தைப் புரட்டியவர் அங்கேயே நின்றார்.

"சார், நாமினி ரங்கநாயகின்னு இருக்கு."

"எங்கம்மா."

"அம்மா... இருக்காங்களா சார்?"

மூன்று பேரும் பீரோவுக்கு மேலே பார்த்தோம். மாலை போட்ட படத்திலிருந்து அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள்.

கல்யாணம் ஆனதும் நாமினியின் பெயரை மாற்றுங்கள் என்பது, நான் பேசிய எல்லாக் கூட்டங்களிலும் முதல் வாக்கியம். அதற்கான படிவம் அரைப் பக்கம்தான். என் பையில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும், ஊராருக்காக.

ஜெயந்தி பாலிசியை வாங்கி, கண்ணாடி இல்லாததால் எட்டப் பிடித்துப் படித்தாள். "எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷமாச்சுங்க" என்று ஷகிலா மேடத்திடம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "இன்னொரு காபி சாப்பிடறீங்களா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

அவர் போனபின்தான் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, வாரிசுச் சான்றிதழுக்கு நான் தாலுகா ஆபீஸுக்கு அலையணும். ஊர்ல எல்லாரையும் இதைச் சொல்லித்தானே பயமுறுத்துவீங்க?"

"மறந்துட்டேன் ஜெயந்தி."

"பெருங்காய டப்பாவை ஒரு வாரம் மனப்பாடம் பண்ண வெச்சீங்களே. என் பேரை எழுத ஒரு நிமிஷம் கிடைக்கலையா?"

எல்லாக் கேள்விக்கும் எந்தப் படிவம் என்று சொல்லத் தெரிந்தவன் நான். பையைத் திறந்து, ஊராருக்கான கட்டிலிருந்து ஒன்றை உருவி மேஜைமேல் வைத்தேன்.

ராமலிங்கம் வீட்டில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மாள் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பீரோவைத் திறந்து கட்டோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். அத்தனை காகிதத்திலும் நாமினியாக அந்த அம்மாளின் பெயரே இருந்தது. மனைவியிடம் கேட்க வேண்டும் என்றுதான் விதி. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எழுத மறந்திருந்தேன்.

மறுநாள் விழாவுக்கு என் வாடிக்கையாளர்களையெல்லாம் முன்கூட்டியே அழைத்துத் தொலைத்திருந்தேன். முதல் வரிசையில் பட்டுப்புடவையோடு ஜெயந்தி. விருது வாங்க வந்திருந்த ராமலிங்கம் என் காதருகே, "நான் வேணா வாசிச்சுடட்டுங்களா சார்?" என்றார். "செயலாளர்தான் வாசிக்கணும்னு விதி" என்றேன். வாசித்தேன். "செயலாளரின் முதல் பாலிசியில், காலமான அவருடைய தாயாரே இன்னும் நாமினியாக இருப்பதால்..." என்று, செயலாளர் யாரோ வேற்றூர்க்காரர் என்பதுபோல. ஒத்திகை பார்த்த வருத்தம் வீண் போகவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவே, ஜீயபுரத்தில் வாழை போடும் கோவிந்தசாமி என் இலைப் பக்கம் வந்தார். "சார், எங்கப்பா போனப்புறமும் அவர் பேரே இருந்துச்சுன்னு ஒரு தடவை கூட்டத்துல வெச்சு என்னைத் திட்டினீங்களே. அன்னிக்கு ரெண்டு ஃபாரம் குடுத்தீங்க. ஒண்ணு மிச்சம் இருக்கு. கொண்டாந்து தரட்டுங்களா?"

அவர் கேலி செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை பெயரை மாற்றினேன். செயலாளர் பதவியையும் விட்டேன். விலகல் கடிதம் முறைப்படி மூன்று பிரதி. விருது இன்றுவரை வரவில்லை. பெயர் மாறியதற்கு வந்த ஒப்புதல் சீட்டை மட்டும் ஜெயந்தி சட்டம் போட்டு, அம்மா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். கேட்டால் முழுக் கதையும் கிடைக்கும், காபியோடு.

இப்போதெல்லாம் எனக்குத்தான் ஞாபகம் தவறுகிறது. போன வாரம் சமையலறையில் நின்று, "ஜெயந்தி, சர்க்கரை டப்பா எங்கே?" என்றேன்.

"அத்தையைக் கேளுங்க" என்றாள் கூடத்திலிருந்து. "முப்பத்து மூணு வருஷம் பொறுப்பு அவங்ககிட்டதானே இருந்துச்சு."

காபியைச் சர்க்கரை இல்லாமலே குடித்தேன்.