நூற்றுப் பன்னிரண்டு பக்க நல்லொழுக்கம்

கீழ் டிராயருக்குள் கையை விட்ட ஆபரேட்டருக்கு வெறும் தகரம்தான் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு குண்டூசி டப்பா, ஒரு சீப்பு, மறுபடியும் தகரம். நூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலைக் காணோம்.

நகல் கிடையாது. உலகத்தில் இருந்ததே அந்த ஒரு கட்டுதான்.

நாலாவது மாடியில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அழைப்பு வராத நேரமெல்லாம் பிரெயில் மெஷினின் ஆறு விசைகளைத் தட்டித் தட்டி இரண்டு வருஷமாக எழுதியது அது. அத்தனை பேர் நடமாடும் ஆபீஸில், பட்டப்பகலில், மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கொட்டாவி விடும்போதுகூட, கூச்சநாச்சம் இல்லாமல் முத்தக் காட்சி எழுதியிருக்கிறாள். அந்தக் கட்டடத்தில் பார்வை இல்லாதவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் கண் இருந்து என்ன பிரயோஜனம், அந்தப் புள்ளிகளைப் படிக்க ஒருவருக்கும் தெரியாதே!

எழுத ஆரம்பித்தது கோபத்தில். அவள் கேட்ட ஒலிப்புத்தகங்களில் எல்லாம் காதல் வந்தால் போதும், கண் தெரியாதவளுக்குக் கடைசி அத்தியாயத்தில் கண் வந்துவிடும். நடக்க முடியாதவள் எழுந்து ஓடுவாள்.

"முத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆளை ரிப்பேர் பண்ணியே தீரணுமா?" என்று ஒருநாள் தனியாக உட்கார்ந்து கத்தினாள். மறுநாள் முதல் பக்கத்தைத் தட்டினாள்.

அவள் நாவலில் யாருக்கும் எதுவும் சரியாகவில்லை. வீல்சேரில் இருக்கும் தையல்காரி ஒருத்தி, நீச்சல் சொல்லித்தரும் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கொள்ளை ஆசை. ஏழாம் அத்தியாயத்தில் தையல்காரி சட்டைக்கு அளவெடுக்கிறாள். டேப் கழுத்திலிருந்து இடுப்புக்கு வந்து சேரவே ஆறு பக்கம் ஆகிறது. அதற்கப்புறம் வீல்சேரில் இரண்டு பேர். டேப் எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

தட்டும்போது தப்பாகிப் போன தாள்களை லிஃப்ட் அக்கா வாங்கிக்கொண்டு போவாள். கனமான தாள், அலமாரித் தட்டில் விரிக்க நன்றாக இருக்கிறது என்று எங்க வீட்ல சொல்றாங்க என்பாள். அக்காவுக்கு நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் போகிற வேலை. பேச்சுத்துணை கிடைத்தால் விடமாட்டாள். குழாயில் தண்ணீர் வராதது, முழங்கால் வலி, பொத்தானுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே இது என்ன, அப்போ 'க' எப்படி, 'ம' எப்படி என்று நாலு மாடிக்கும் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். ஆபரேட்டரும் கதையை யோசித்தபடியே பதில் சொல்லிவைப்பாள். இன்று காலையில்கூட அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். எட்டுப் பேர் நெருக்கியடித்து ஏறியதில் அது அப்படியே நின்றுபோனது.

"என்ன ஆபரேட்டரம்மா, எதையோ தேடறீங்க போலிருக்கே?"

மேனேஜரின் குரல். அதில் ஒரே குஷி.

"சார், இங்க ஒரு கட்டு வெச்சிருந்தேன்..."

"நல்லொழுக்கக் கட்டுரைகள்தானே? அனுப்பியாச்சு!"

நாலு மாதத்துக்கு முன்னால் 'அப்படி என்னதான் தட்டறீங்க?' என்று அவர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். அது இப்போது வேலையைக் காட்டுகிறது.

"எங்க சார் அனுப்பினீங்க?"

"பார்வையற்றோர் சங்கத்துல இன்னிக்குப் புது வாசிப்பறை திறக்கறாங்க. நம்ம கம்பெனி சார்பா உங்க புத்தகம் அலமாரியில ஏறப்போகுது! நேத்து சாயங்காலம் நீங்க கிளம்பினதும் கட்டி, லிஃப்ட் அம்மாகிட்ட கொடுத்து, கீழ டிரைவர் கையில சேக்கச் சொல்லிட்டேன். எப்படி நம்ம சர்ப்ரைஸ்?"

சங்கத்துச் செயலாளரை அவளுக்குத் தெரியும். கதாநாயகன் ரோட்டைக் கடக்கும்போது கதாநாயகியின் கையைப் பிடித்தான் என்பதற்காக ஒரு நாவலைத் திருப்பி அனுப்பியவர். அவரே கைத்தடியோடு, யார் கையையாவது பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பார். அவர் விரல் ஏழாம் அத்தியாயத்தில் பட்டால் வேலையும் போகும், மானமும் போகும். அதைவிட, கட்டையே கிழித்துப் போட்டுவிடுவார். அந்த இரண்டு பெண்களையும் மறுபடி எழுத அவளால் முடியாது.

"சார், அது இன்னும் முடியலை. முடிவே எழுதலை."

"நல்லொழுக்கத்துக்கு ஏது முடிவு?"

"நிறைய தப்பு இருக்கு சார். திருத்தணும்."

"என்ன ஒரு அடக்கம்! சரி, செயலாளருக்கு ஒரு லைன் போடுங்க. சொல்லிடலாம்."

தன் கையாலேயே லைன் போட்டுக் கொடுத்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றாமல் தானும் கேட்டாள்.

"தப்பு இருக்கா?" என்றார் செயலாளர். "அலமாரியில சும்மா வெக்கலாம்னு இருந்தேன். அப்படீன்னா மேடையிலயே முதல் பக்கத்தைப் படிச்சு, தப்பை அங்கேயே திருத்திடறேன். எழுதறவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்."

முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. தையல்காரி ஊசியில் நூல் கோக்கிறாள், அவ்வளவுதான். ஆபரேட்டர் அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதற்றம் யாரை விட்டது? மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தானே செயலாளரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, முதல் பக்கம் வேண்டாங்க. அது ரொம்பச் சுமார். கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிடுங்களேன்."

"சுமாரா? கவலையை விடும்மா. நல்ல புத்தகமான்னு பாக்க நான் எப்பவும் நடுவுலதான் பிரிப்பேன். சரியா நட்டநடு. அதைப் படிக்கறேன்."

ஏழாம் அத்தியாயம் சரியாக நட்டநடுவில்தான் இருந்தது.

மேனேஜரிடம் ஓடினாள். "சார், தலைவலி உயிர் போகுது. விழாவை வேற ஒரு நாள் வெச்சுக்கச் சொல்லுங்களேன்."

"எழுத்தாளர் வராம விழாவா? மாத்திரை போட்டுக்கிட்டு வாங்க. நம்ம கம்பெனி சேர்மனே வர்றதாச் சொல்லிட்டார். நீங்க பேசினதைச் செயலாளர் அவர்கிட்ட சொன்னாராம். நடுப்பக்கத்தைப் படிக்கும்போது தெருவுக்கும் கேக்கட்டும்னு வெளியில ரெண்டு ஸ்பீக்கர் கட்டச் சொல்லியிருக்கார்."

இனி எதையும் சரிசெய்வதில்லை என்று ஆபரேட்டர் முடிவு செய்தாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் ரேடியோவிலேயே போட்டுவிடுவார்கள்.

மூன்று மணிக்கு மேனேஜரோடு லிஃப்டில் இறங்கினாள். அக்கா அவள் முழங்கையை லேசாக அழுத்தினாள்.

"தைரியமாப் போயிட்டு வாங்க மேடம். ஒண்ணும் ஆகாது."

விஷயம் தெரியாமல் வாழ்த்துகிறாளே என்று ஆபரேட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசிப்பறையில் புது வார்னிஷ் வாசனை. முன்வரிசையில் சேர்மன், மேனேஜர், நடுவில் அவள். செயலாளர் கட்டைப் பிரிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. தாள்களைப் பாதியாகப் பிரித்தார். விரல் ஓடும் மெல்லிய சரசரப்பு. பிறகு அது நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். ஆபரேட்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தீ மூண்டால் பதறாதே," என்று படித்தார் செயலாளர். "லிஃப்டை நாடாதே. படிகளில் நிதானமாக இறங்கு. முன்னால் போகிறவரைத் தள்ளாதே."

விரல் மறுபடியும் முதல் வரிக்குப் போய்ச் சரசரத்தது.

"ஆகா!" என்றார் செயலாளர். "ஆசைங்கற தீயைத்தான் சொல்றாங்க. குறுக்குவழியில போகாதே, படிப்படியாப் போ! இதுல ஒரு தப்பும் இல்லையே!"

கைதட்டல் அறையை நிறைத்தது. "ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்" என்ற வரிக்குச் சேர்மனே எழுந்து நின்று தட்டினார். மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு ஞானி இருக்கறது தெரியாமப் போச்சே!"

ஞானிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது கம்பெனியின் தீத்தடுப்பு விதிகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிக்கு ஒன்றாக நாலு பிரதி அவள்தான் தட்டிக் கொடுத்தாள். படிக்க ஆளில்லாமல் நாலும் லிஃப்ட் அக்காவின் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தன. அக்கா கட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறாள்! வாழ்க அவளுடைய ஞாபகமறதி என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். லிஃப்டில் அவளும் அக்காவும் மட்டும். கதவு மூடியதும் கனமான ஒரு கட்டு அவள் கைக்கு வந்தது. நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். கழுத்து, டேப், தோள். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எண்ணிப் பாத்துக்குங்க மேடம். நூத்திப் பன்னெண்டும் இருக்கு."

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா! கட்டு மாறினதுல என் உசுரே திரும்பி வந்துச்சு. இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, கையாலகூடத் தொட்டிருக்க மாட்டீங்க."

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம், ஏழாம் அத்தியாயத்துல வீல்சேருக்கு பிரேக் போடத்தான் மறந்துட்டீங்க, எங்க வீட்ல அவளும் நானும் முதல் தடவை அப்படித்தான் உருண்டு போய் அலமாரியில முட்டிக்கிட்டோம்."