நாற்காலிகளை இறக்கி வைத்திருக்கிறேன்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, மாடிவீட்டு நர்ஸம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் முழங்காலும் சுகம். முழங்கால் கொஞ்சம் கம்மி. அதுபோல நீயும், மாப்பிள்ளையும், பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் பேசும்போதெல்லாம் உன் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடுகிறது, தட்டு உருளுகிறது, நான் எதைச் சொன்னாலும் “ஆங்... ஆங்...” என்கிறாய். கடிதம் என்றால் பிடித்துப் படிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால்தான் கடிதம்.

போன தடவை நீ வந்துபோனதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வந்தாய் என்று தெருவே சொல்கிறது, ஆனால் நான் பார்த்தது உன் முதுகை மட்டும்தான். வாசலில் பையை வைத்த கையோடு சேலையைத் தூக்கிச் செருகினாய், வீட்டில் இருக்கிற இரண்டே இரண்டு நாற்காலியையும் மேசைமேல் கவிழ்த்துப் போட்டுத் தரையைக் கழுவினாய், அது காய்வதற்குள் ஜன்னலைத் துடைத்தாய், ஜன்னல் காய்வதற்குள் திரைச்சீலையைத் துவைத்தாய். கதை பேசலாம் என்று நான் பின்னாலேயே வந்தால் “அப்பா, காலைத் தூக்குங்க, ஈரம்!” என்கிறாய். எழுபது தாண்டியவன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு எங்கே நிற்பேன், சொல்லு? மறுநாள் சாயங்காலம் நீ பஸ் ஏறுகிறவரை அந்த நாற்காலிகள் இறங்கவே இல்லை. பஸ்ஸை அனுப்பிவிட்டு வந்து நான்தான் இறக்கினேன்.

அது போகட்டும், டப்பா விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய டப்பாக்களை ஒழித்துக்கட்டிவிட்டு ஒரே அச்சில் வார்த்த வெள்ளை டப்பாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அழகாகச் சீட்டெழுதி ஒட்டிவிட்டுப் போனாய். எழுதப் படிக்கத் தெரியாத அப்பனுக்கு! உன் வீட்டு ஞாபகத்தில், போகிற அவசரத்தில் ஒட்டியிருப்பாய், கோபம் இல்லை. ஆனால் நசுங்கினது சர்க்கரை, மூடி இல்லாதது உப்பு என்று நான் வைத்திருந்த கணக்கெல்லாம் போச்சு. போதகர் ஐயா வீடு சந்திக்க வந்தார், காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபம் ஆரம்பித்துவிட்டார் என்று நானும் மூடிக்கொண்டேன். வெகுநேரம் சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர். ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்தேன், அப்புறம் என் காபியைக் குடித்தபோதுதான் அது உப்பு என்று தெரிந்தது. நக்கிப் பார்த்துப் போடக் கூடாதா என்று கேட்பாய். மறுநாள் நக்கிப் பார்த்தேன். அது துணி துவைக்கிற தூள். அன்றைக்கு ஜெபக் கூட்டத்தில் நான் ‘ஆமென்’ சொல்லும்போதெல்லாம் வாயிலிருந்து நுரை வந்தது.

இப்போது நீ அடுத்த ஞாயிறு வருவதாகவும், “இந்தத் தடவை பரணை ஒழிச்சுத் தர்றேன்ப்பா” என்றும் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை வருகிற பெண்ணைப் பரண் தின்றுவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?

உங்கம்மா இருந்தபோது நம் வீட்டில் ஞாயிறு எப்படி இருந்தது, மறந்துவிட்டாயா? எனக்கு எழுத்துத்தான் வராது, ஞாபகத்துக்குக் குறைவில்லை. நான் வேலை பார்த்த ரொட்டிக்கடையில் அடுப்பு அணைகிற நாள் அது ஒன்றுதான். கோயில் விட்டு வந்து, சாப்பிட்டு, உங்கம்மா பாத்திரத்தையெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் கட்டிலில் குறுக்கே படுப்பாள். நீ அவள் வயிற்றின்மேல், உன் அண்ணன் என் முதுகின்மேல். குழாய் ஒழுகுகிறதே என்று நான் ஸ்பானரைத் தேடி எழுந்தால், “உக்காருங்க. அது பாட்டுக்குத் தாளம் போடுது, உங்களுக்கென்ன?” என்பாள். நீ ஒருநாள் கேட்டாய், “அம்மா, பாத்திரம் கழுவலயா?” என்று. “ஊறட்டும்டி. பாத்திரத்துக்குக் காலா இருக்கு, ஓடிப்போக? உங்களுக்குத்தான் கால் இருக்கு” என்றாள். அப்போதுதான் சபைப் பெண்கள் ஐக்கியத் தலைவியம்மா உள்ளே நுழைந்து, மூக்கைச் சுருக்கி, “என்னம்மா, ஓய்வு நாளும் அதுவுமா வீட்டை இப்படிப் போட்டு வெச்சிருக்க?” என்றார். உங்கம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. “அக்கா, ஏழாம் நாள் கர்த்தர் ஓய்ஞ்சு இருந்தாரே, அன்னைக்குத் தோட்டத்துல ஒரு இலைகூடவா உதிரல? அவரு என்ன, தொடப்பத்தைத் தேடிக்கிட்டா இருந்தாரு? நகருடா, பெரியம்மா உக்காரட்டும்” என்றாள். தலைவியம்மா உட்கார்ந்தார். விளக்கு வைத்த பிறகும் பேச்சை விட்டு அவரை எழுப்ப முடியாமல், நாம் நாலு பேரும் சேர்ந்து வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். தலைவியம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பாத்திரமெல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கின்றன, கண்ணு. ஒன்றுகூட ஓடவில்லை. உங்கம்மா சொன்னது சரியாகப் போச்சு. “தாத்தா, கொஞ்சம் நிறுத்துங்க, கை வலிக்குது” என்று நர்ஸம்மா சொல்கிறாள். கை வலி என்றுதான் சொல்கிறாள், மூக்கை ஏன் துடைக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆகவே பரண் வேண்டாம். துடைப்பத்தை நர்ஸம்மா வீட்டில் ஒளித்துவைத்தாயிற்று. நாற்காலிகளை இறக்கி எதிரெதிராகப் போட்டிருக்கிறேன். வா, உட்கார், ஒரு வேலையும் செய்யாதே. மாப்பிள்ளைக்கு என் தோத்திரம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உன் வீட்டையும் உன் இடுப்பையும் காப்பாராக.

இப்படிக்கு,
கட்டைவிரல் ரேகையுடன்,
அப்பா

பி.கு.: எழுதி முடித்த நர்ஸம்மா, “அப்ப இந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுடவா தாத்தா?” என்று டப்பாமேல் கை வைத்தாள். “தொடாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பேனா கட்டிலுக்கடியில் போய்விட்டது. எனக்கு எழுத்து தெரியாதே தவிர, அது உன் கை என்று தெரியும். அதனால், ஒரு வேலையும் செய்யாதே என்று மேலே சொன்னதை அடித்துவிடு, ஒரே ஒரு வேலை இருக்கிறது. டப்பாவையெல்லாம் மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, எதில் என்ன என்று ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், இருட்டிவிடும், எதற்கும் கடைசி பஸ்ஸுக்கே போகிற மாதிரி வா. என் ஞாபகத்தைப் பற்றி மேலே பெருமையடித்தது வாஸ்தவம்தான், ஆனால் இந்த டப்பா விஷயத்தில் மட்டும் எனக்கு மறதி ரொம்ப ஜாஸ்தி.