மேக்குச் சென்சார், கெழக்குச் சென்சார்

படிக்காதவர்கள் செய்யும் தப்புக்கும் படித்தவர்கள் செய்யும் தப்புக்கும் ஒரே வித்தியாசம்தான். படித்தவர்கள் தப்புக்கு லேபிள் ஒட்டியிருப்பார்கள். நான் ஒட்டியவை இரண்டு லேபிள்கள். இரண்டும் சேர்ந்து எங்கள் ஜீப்பைக் கொண்டுபோய்விட்டன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வேறு. (மிக்ஸி நின்றுபோனாலும் "இருங்க, இன்ஜினியர் வரட்டும்" என்பார்கள். நானும் ஒருநாள்கூட மறுத்ததில்லை.)

அப்பா இப்போது பரமத்தி வேலூர் பக்கம் வாழை வைத்திருக்கிறார். அதற்கு முன் போர்வெல் ரிக் வண்டிகளோடு ஊர் ஊராக அலைந்தவர். ரிக்குக்கு முன்னால் வழி பார்த்துப் போக, நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் ஜீப் ஒன்றை முதலாளி வைத்திருந்தார். அவர் புது வண்டி எடுத்தபோது பழையதை அப்பா வாங்கிக்கொண்டார். எங்கள் வம்சத்தில் முதல் கார் அதுதான். கல்லூரியில் என்னைச் சேர்க்க அப்பா அதில்தான் கூட்டிப்போனார்.

போன வருடம் அதன் பதிவுக்காலம் முடிய இருந்தது. புகைச் சோதனையில் தேறினால் புதுப்பிப்பார்கள். தேறாவிட்டால் ரோட்டில் ஏற்ற முடியாது. ஜீப்போ தேறுகிற நிலையில் இல்லை. இன்ஜினின் இரண்டு பக்கமும் புகையை இறக்கிவிடும் ஹெட்டர் குழாய்கள் வெடித்திருந்தன. அப்பா தெருமுனையில் வரும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடலாம், அவ்வளவு சத்தம்.

ஜாபர் பாய் வந்து பார்த்தார். நாமக்கல்லில் ஷெட் வைத்திருப்பவர். ரிக் காலத்திலிருந்து அப்பாவின் கூட்டாளி.

"ரெண்டு ஹெட்டரும் மாத்தோணும் முத்தண்ணா. ஆக்சிஜன் சென்சாரும் செத்துப்போச்சு, பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டு நாள் வேலை, நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் பாய், நானே பண்றேன்" என்றேன். "இது கம்ப்யூட்டர் கண்ட்ரோல். காதுல கேட்டு, கையில தடவிப் பாத்துப் பண்ற வேலை இல்ல."

(இதைச் சொன்னது நான்தான். எழுதும்போது கை கூசுகிறது.)

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சரி பாப்பா. ஒயரக் கழட்டறதுக்கு முன்னால குறி மட்டும் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. அப்பா வாசல்வரை அவரோடு போய்விட்டு வந்தார்.

குழாய்களையும், புகையை முகர்ந்து பெட்ரோல் கூடவா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்கள் இரண்டையும், ஒரே தயாரிப்பில் ஜோடியாக, ஆன்லைனில் வரவழைத்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எனக்கு வேலை. சனி ஞாயிறுதான் ஊர். முதல் சனிக்கிழமை பழைய குழாய்களைக் கழற்றினேன். துருப்பிடித்த போல்ட்டுகளில் மூன்று முறிந்தன, என் நகங்களில் நான்கு. சென்சார் ஒயர்கள் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் எட்டுகிற நீளம். பாய் சொன்னதற்காக அல்ல, விஞ்ஞான முறைப்படி, டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினேன்: ஒன்றில் 'மே', இன்னொன்றில் 'கெ'.

மேக்கு, கெழக்கு.

எங்கள் பக்கத்தில் இடது வலது என்பதெல்லாம் பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். பந்தியில்கூட "கொஞ்சம் மேக்கால தள்ளி உக்காருங்க" என்போம். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த கை, எழுதும்போது ஊர்க் கையாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது ஜீப் வேப்பமர நிழலில் நின்றது. வாழைத்தார் ஏற்ற டிராக்டருக்கு வழி வேண்டுமென்று சித்தப்பா இழுத்து நிறுத்தியிருந்தார்.

"உனக்கு வெயில் படாதுன்னுதான் சாமி" என்றார்.

நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். குழாய்களை மாட்டினேன், சென்சார்களைத் திருகினேன், 'மே' ஒயரை மேற்குப் பக்கத்துச் சென்சாரிலும் 'கெ' ஒயரைக் கிழக்கிலும் செருகினேன். சாவியைத் திருப்பினால் ஜீப் பூனை மாதிரி உறுமியது. அம்மா திருஷ்டி சுற்றினாள். ஜீப்புக்கல்ல, எனக்கு.

திங்கட்கிழமை லீவு போட்டு அப்பாவோடு நாமக்கல் கிளம்பினேன். பாதி வழியில் இன்ஜின் குலுங்க ஆரம்பித்தது.

"பெட்ரோல் வாசம் அடிக்குதே சாமி?"

"புதுக் குழாய் வாசம்ப்பா."

"இங்க ஒரு மஞ்ச லைட்டு எரியுதே?"

"புது சென்சார் பழகற வரைக்கும் எரியும்ப்பா."

இரண்டும் அந்த நிமிடத்தில் நான் கண்டுபிடித்த விஞ்ஞானம். அப்பா நம்பினார். பாயைக் கூப்பிடலாமா என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம், ஓட்டுங்கள் என்றேன்.

சோதனை இடத்தில் வரிசை. முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் அப்பா அதையே சொன்னார்: "என்ற பொண்ணு பண்ணுன வேலைங்க. இன்ஜினியருங்க." எங்கள் முறை வந்தது. சைலன்சரில் குழாயைச் செருகிய அதிகாரி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். அப்பா மிதித்தார். பட்டாசு மாதிரி ஒரு வெடி. பிறகு கன்னங்கரேலென்று புகை. அதிகாரி நாலு அடி பின்வாங்கி, இருமி முடித்துக் கேட்டார்:

"யாருங்க இதுல வேலை பாத்தது?"

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. சொல்லிவைத்திருந்தாரே அப்பா, ஒருத்தர் விடாமல்!

பாயை அப்பாதான் போனில் கூப்பிட்டார். கால்மணி நேரத்தில் மொபெட்டில் வந்துவிட்டார். பானெட்டைத் திறந்து என் டேப்புகளைப் படித்தார். சூரியனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"கழட்டறப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு பாப்பா?"

"வடக்க பாத்து."

"மாட்டறப்ப?"

வேப்பமரம், அதன் கீழே ஜீப்பின் முகம், எதிரே தெற்கே வாழைத்தோட்டம். எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. "தெக்க பாத்து" என்றேன்.

ஒயர்கள் பக்கம் மாறிப்போனதால், இடது பக்கம் பெட்ரோலுக்குப் பசிக்கிறது என்று சென்சார் சொன்னால், கம்ப்யூட்டர் வலது பக்கத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. வலது பக்கம் போதும் போதும் என்று கதறினால், இடது பக்கத்துத் தட்டைப் பிடுங்கியிருக்கிறது. இன்ஜின் சூடாகும்வரை கம்ப்யூட்டர் சென்சார் பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் வீட்டு வாசலில் பூனை.

"ஊட்டுக்கு மேக்கு கெழக்கு எழுதலாம் பாப்பா. ஊடு திரும்பாது" என்றார் பாய். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒயர்களை மாற்றிச் செருக அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குலுங்கல் உடனே நின்றது.

பிறகு அடியில் குனிந்து, புகையைச் சுத்தம் செய்யும் உருளையைத் தட்டினார். உள்ளே கடலை உருள்வது மாதிரி சத்தம். எரியாத பெட்ரோல் வழியெல்லாம் அதற்குள் போய் எரிந்து, உருக்கி, உடைத்திருந்தது. புகை போகும் வழியில், புறப்படும்போது நன்றாக இருந்த ஒரே பழைய பாகம் அதுதான்.

அந்த மாடல் நின்று பல வருடம் ஆகிறது. சேலம், கோவை, சென்னை என்று பாய் போன் போடாத கடையில்லை. எங்கும் இல்லை. அது இல்லாமல் சோதனையில் தேற வழியும் இல்லை. நான் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க ஷெட்டுக்குப் போனபோதும், காதில் போனோடு யாரிடமோ அதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். பதிவுக்காலம் முடிந்து, ஜீப் பழைய வண்டி உடைப்பவரிடம் போனது. அப்பா ஸ்டியரிங்கைத் துடைத்துக் கொடுத்தார்.

இப்போது வீட்டில் நான் வாய் திறக்க முடியாது. உப்பு டப்பா எங்கே என்று கேட்டால்கூட, "நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கற?" என்கிறாள் அம்மா. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சித்தப்பா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். "பொண்ணுக்கு எல்லாம் தெரியுமுங்க. வண்டிய மட்டும் திருப்பி நிறுத்தீராதீங்க." மாப்பிள்ளைக்குப் புரையேறும்வரை சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அப்பா அந்தக் கதையைச் சொல்வதில்லை. தோட்டத்துக்குப் பழைய மொபெட் ஒன்றில் போய்வருகிறார். அதில் ஏதாவது சத்தம் வந்தால், பாயிடம் கொண்டுபோகும் முன் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

"நீயே பாத்தர்றயா சாமி?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறார். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.